நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு

மார்ச் 3

தம்பிக்கு,

நீ அனுப்பிய டேப்லெட் வந்து சேர்ந்தது. அதற்கு நன்றி சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள். இதற்குக் கீழே நன்றி எதுவும் இல்லை.

முதலில், ஏன் கடிதம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதத்தில் ஏழு முறை போன் செய்தாய், ஏழு முறையும் நான் எடுக்கவில்லை. "அக்காவுக்கு என்மேல கோபமா?" என்று உன் அத்தானிடம் கேட்டாயாம். கோபம்தான். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, வாய்தான் வரவில்லை. சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக நிற்கிறது, நாக்குக்கு வந்து சேர்வதற்குள் குழைந்துபோகிறது. கொஞ்சம் பொறுத்தால் சொல்லிவிடுவேன். நீ எங்கே பொறுக்கிறாய்? நான் ஆரம்பித்தால் நீ முடித்துவைக்கிறாய். கடைசியாகப் போனை எடுத்த அன்று "எனக்கு மறுபடியும்" என்பது வரைக்கும் வந்தேன். "மறுபடியும் டாக்டரைப் பார்க்கணுமா? இரு, அத்தான்கிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். மறுபடியும் காரில் உட்கார வேண்டும் என்று சொல்ல வந்தேன். டாக்டரைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது. ஆகவே கடிதம்.

இப்போது அதில் நீ எனக்காகச் செய்து வைத்திருக்கும் பேச்சுப் பயிற்சி விளையாட்டுக்கு வருகிறேன். திரையில் ஒரு சின்ன கார். நான் "நேரா", "இடது", "வலது", "மெதுவா", "நிறுத்து" என்று சொல்ல வேண்டும், கார் கேட்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருஷம் இதே ஐந்து வார்த்தையைத்தான் சொன்னேன் என்பதால் இப்படி அமைத்தாய், புரிகிறது. ஆனால் உன் கார் என் பேச்சைக் கேட்பதில்லை. நேற்று நாற்பது நிமிடம் ஓட்டினேன், பதினொரு முறை பாதையோரக் குளத்தில் விழுந்தேன். மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்தொன்று. ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு பெண் குரல், "பரவாயில்லை, நீங்க ரொம்ப அழகா முயற்சி பண்றீங்க" என்கிறது. குளத்தில் விழுந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? நான் ஒரு மாணவரிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் முதலாளி ஏப்ரல் கடைசி வரைக்கும் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வேறு ஆள் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடம் போனால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. உன் விளையாட்டு இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் டேப்லெட் ஜன்னல் வழியாக வெளியே போகும். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

தயவுசெய்து எறியாதே, அது அலுவலகத்து டேப்லெட். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

போன் விஷயத்தில் நீ சொன்னது சரி. என் பக்கத்தையும் கேள். நீ ஒரு வார்த்தைக்காகத் திணறுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சின்ன வயதில் தெருவில் என்னை அடிக்க வந்தவர்களை ஒரே அதட்டலில் விரட்டிய குரல் அது. அது இப்போது பாதியில் நிற்கிறது. அதனால்தான் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறேன். இது தப்பு என்று தெரிகிறது. தெரிந்தும் செய்கிறேன்.

குளத்துக்குக் காரணம் உன் வாய் மட்டும் இல்லை. உன் சொல்லைக் கேட்டுக் காரைத் திருப்புகிற செயற்கை நுண்ணறிவு ஆயிரக்கணக்கான பேருடைய குரலைக் கேட்டுப் பழகியது. எல்லாம் நல்ல தெளிவான குரல்கள். உன்னைப் போலப் பேசுகிறவர்களை அது அதிகம் கேட்டதில்லை. அதனால் நான் உள்ளே சின்ன மாற்றம் ஒன்று செய்திருக்கிறேன். நாளை முதல் கொஞ்சம் இலகுவாக இருக்கும். ஆரம்பத்திலேயே மனம் விட்டுப்போனால் யாரும் விளையாட்டைத் தொடுவதில்லை, எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். பாராட்டும் பெண்ணை நீக்கிவிட்டேன். குளத்தை நீக்கவில்லை.

தினமும் நாற்பது நிமிடம். அத்தானை அருகில் உட்கார வைக்காதே, அவரும் உனக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். போன வாரம் ஐம்பத்தெட்டு. இந்த வாரம் எழுபத்தொன்று. நேற்று முழுப் பாதையையும் ஒரே ஒரு முறை விழுந்து முடித்தேன், அதுவும் அழைப்புமணி அடித்ததால். கார் நான் சொன்னபடி கேட்கிறது. நான் சொல்லி ஏதோ ஒன்று திரும்பி ஐந்து மாதம் ஆயிற்று. சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அழுதேன் என்று எழுத மாட்டேன்.

உன் அத்தானும், "இப்பல்லாம் நல்லாவே பேசுற, எனக்கு ஒண்ணுவிடாம புரியுது" என்கிறார். ஆனால் பழைய வியாதி போகவில்லை. மருந்துக்கடையில் நான் வாயைத் திறப்பதற்குள், "அவ என்ன சொல்றான்னா" என்று ஆரம்பிக்கிறார். நான் வேற்று நாட்டுத் தலைவர் போலவும் அவர் என் மொழிபெயர்ப்பாளர் போலவும் இரண்டு பேரும் கடையில் நிற்கிறோம்.

வாரம் ஒரு முறை வரும் பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவித்து, நாக்கை மடித்து, அரை மணி நேரம் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிட்டேன். கண்ணாடி மதிப்பெண் போடுவதில்லை. என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நாக்கை மடிப்பதைவிட உன் கார் எவ்வளவோ மேல். அந்த அரை மணியையும் உன் விளையாட்டுக்கே கொடுத்துவிட்டேன். சந்தோஷம்தானே?

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

தொண்ணூற்று நான்கு. இங்கே என் திரையில் பார்த்தேன். அலுவலகக் கூட்டத்தில் உன் மதிப்பெண் வரைபடத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். யார் என்று சொல்லவில்லை, "ஒரு பயனர்" என்றுதான் போட்டிருந்தோம். அந்தக் கோடு ஏறிய விதத்தைப் பார்த்து மேலாளர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். மூன்று வருஷம் பலூன் வெடிக்கும் விளையாட்டு செய்தவன் நான். முதல்முறையாக உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

ஒன்று மட்டும். டிரைவிங் ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடேன். பெரிதாக ஒன்றுமில்லை. விளையாட்டில் பேசுவது வேறு, தெருவில் பேசுவது வேறு. கண்ணாடிப் பயிற்சியையும் விட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது நினைக்கிறேன். உன் கடிதம் வந்த உடனே எழுதியிருக்க வேண்டும், வேலையில் மறந்துவிட்டது. எப்படியும் ஏப்ரல் முடிய இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படாதே.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

அவசரப்பட்டுவிட்டேன். உன் கடிதம் கைக்கு வந்தபோது நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், வரிசையாகப் படி. காலையில் முதலாளிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் மனிதர் நல்லவர். "நானே ஸ்டியரிங்ல உட்கார்றேன். எனக்கு ஓட்டவே தெரியாதுன்னு வச்சுக்குங்க. நீங்க சொல்றதை மட்டும் செய்வேன்" என்றார். நான் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன், பின்சீட்டில் ஆபீஸ் குமாஸ்தா ஏறிக்கொண்டார். என் கால், சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனியாக இருக்கும் என் பிரேக்கின் மேல் இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் காரின் வாசனை. நான் எவ்வளவு நம்பிக்கையோடு போனேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தொண்ணூற்று நான்கு வாங்கியவள் போலப் போனேன்.

முதல் சந்திப்பில் திரும்பச் சொன்னேன். "என்னம்மா?" என்றார். மறுபடியும் சொன்னேன். "என்னங்கம்மா?" என்றார். பின்னால் ஹாரன். மூன்றாவது தடவை சொன்னேன். அவர் முகத்தில் வியர்வை. பாவம், என்னை அவமானப்படுத்தக் கூடாதே என்று புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, ஏதோ ஒரு பக்கம் திருப்பினார். ஒருவழிப் பாதை. எதிரே தண்ணீர் லாரி. நான் பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டிலிருந்த ஆபீஸ் குமாஸ்தா முன்னால் வந்துவிட்டார். லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மெதுவா பார்த்துக்கலாம்மா, உடம்பைக் கவனிங்க" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உன் அத்தானுக்குப் போன் போட்டு அவரிடம் பேசினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தொண்ணூற்று நான்கை யார் போட்டார்கள்? எதற்குப் போட்டார்கள்? என் வாய்க்கா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது. நீ உள்ளே செய்த அந்தச் சின்ன மாற்றம் என்ன?

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அது உன் வாய்க்குப் போட்ட மதிப்பெண் இல்லை. மார்ச் ஏழாம் தேதி, உன் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள் என்று அந்தச் செயற்கை நுண்ணறிவுக்குச் சொல்லிவிட்டேன். நீ தினமும் பேசப் பேச, உன் "இடது" எப்படி இருக்கும், உன் "நிறுத்து" எப்படி இருக்கும் என்று அது பழகிக்கொண்டது. முப்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு ஏறியது அது. நீ ஏறவில்லை. நேற்று உன் முதல் நாள் ஒலிப்பதிவையும் கடைசி நாள் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை.

மார்ச் மாதக் கடைசியிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. யாருக்கும் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் நீ சமையலறைக்குப் போய் நின்றதாக எழுதியிருந்தாய். மேலாளர் தோளைத் தட்டினார். இரண்டையும் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் போன கடிதத்தில் அப்படி மென்று விழுங்கினேன். லாரி என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

திட்டுவதற்கு நீ எனக்கு அனுமதி கொடுக்க வேண்டாம்.

முப்பத்தொன்று என்றே காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், தெரியுமா? கத்தியிருப்பேன். டேப்லெட்டை ஜன்னல் வரைக்கும் கொண்டுபோயிருப்பேன். பிறகு திரும்பி வந்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நாக்கை மடித்திருப்பேன். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேரிடம், "உங்களுக்கு இன்னும் வரல, இன்னும் பத்து நாள் வாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட அதனால் செத்துப்போகவில்லை. வராத ஒருவருக்கு வந்துவிட்டது என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுப்பதுதான் ஆபத்து. நீ எனக்கு அதைத்தான் செய்தாய். ஐந்து வாரப் பயிற்சி போயிற்று. ஏப்ரல் கடைசிக்கு என்னிடம் இருந்ததே கொஞ்ச வாரங்கள்தான்.

இதில் இன்னொன்றையும் கவனித்தேன். உன் அத்தானும் உன் இயந்திரமும் ஒரே ரகம். இரண்டு பேருக்கும் என் பேச்சு பழகிவிட்டது, இரண்டு பேரும் நல்லாப் பேசுற என்றார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குள் என்னிடம் புரியவில்லை என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது, அதுதான் எனக்கு நேர்ந்தது. நீயாவது தூரத்தில் இருக்கிறாயே, உன் காது பழகியிருக்காதே. உனக்கோ கேட்கவே பொறுமை இல்லை.

இனி இப்படிச் செய். அது கற்றுக்கொண்டதையெல்லாம் விளையாட்டிலிருந்து எடுத்துவிடு. முதல் நாள் எவ்வளவு மந்தமாக இருந்ததோ அதே காது வேண்டும். இனிமேல் அது எதையும் கற்கக் கூடாது. நான் கற்றுக்கொள்கிறேன். உன் அலுவலகத்தில் போய் அந்தக் கோடு பொய் என்று சொல். நீ சொல்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, ஆனால் சொல்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

பழைய காதை வைத்துவிட்டேன். நேற்று உனக்கு முப்பத்து மூன்று. மாற்றாமல் எழுதுகிறேன், முப்பத்து மூன்று.

அலுவலகத்தில் சொன்னேன். மேலாளர், இதே அமைப்பில் பயிற்சி செய்கிற மற்றவர்களின் கோடுகளையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். உன்னைப் போல இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், அக்கா. ஆறு பேருக்கும் இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் விளையாட்டில் இரண்டு எண் வரும், இயந்திரம் எவ்வளவு பழகியது என்று ஒன்று, ஆள் எவ்வளவு தேறினார் என்று ஒன்று. தோளை யாரும் தட்டவில்லை.

உன் குரலைக் கற்றுக்கொண்ட அந்தக் காதை நான் அழிக்கவில்லை. தனியே வைத்திருக்கிறேன். அது உன் பேச்சைப் புரிந்துகொண்டு வேறொரு தெளிவான குரலில் சத்தமாகச் சொல்லும்படி செய்யலாம். காரில் மாட்டிவிட்டால் நீ சொல்வதை அது திருப்பிச் சொல்லும். வேலை காப்பாற்றப்படும். வேண்டுமா, வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நான் முடித்துவைக்கவில்லை.

உன் ஒலிப்பதிவு அத்தனையையும் உட்கார்ந்து கேட்டேன், ஒன்றையும் தாண்டிப் போகாமல். கட்டளைகளுக்கு நடுவில் ஏதோ முணுமுணுக்கிறாய். முப்பது தடவை போட்டுக் கேட்டும் எனக்குப் புரியவில்லை. என்ன அது?

தம்பி


மே 2

தம்பிக்கு,

முணுமுணுத்தது உன்னைத் திட்டித்தான். நல்லவேளை, புரியவில்லை.

தெளிவான குரல் வேண்டாம். எனக்குக் குரல் இருக்கிறது, அதைக் கேட்க ஆள்தான் வேண்டும். நான் திட்டும்போது பாராட்டும் பெண் மாதிரி ஒருத்தி அதைத் திருப்பிச் சொன்னால் அந்தக் காரிலேயே எனக்கு இன்னொரு பக்கவாதம் வரும். ஆனால் அந்தக் காதைத் தூக்கிப் போடாதே. நான் சொல்வதைக் கேட்டு அம்புக்குறி மட்டும் காட்டுகிற மாதிரி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்க ஒரு சின்னத் திரை செய்து அனுப்பு. பேசக் கூடாது. காட்டினால் போதும்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி முதலாளியிடம் தனியாகப் போனேன். உன் அத்தானை வாசலில் நிறுத்திவிட்டேன். அவர் அங்கிருந்தே ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நாற்பது தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போன வாக்கியங்கள் அவை. எல்லாம் சொல்லி முடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. "இப்போ நூத்துக்கு முப்பத்தெட்டுதான் வருது. அது உண்மையான முப்பத்தெட்டு. மீதிக்கு ஒரு விதி வச்சிருக்கேன். எந்தத் திருப்பத்தையும் முன்னாடியே சொல்லிடுவேன். புரியலன்னா தலையாட்டக் கூடாது, தானா திருப்பக் கூடாது, ஓரமா நிறுத்திக் கேக்கணும். பிரேக் என் கால்ல இருக்கு." இடையில் இரண்டு முறை புரியவில்லை என்றார். இரண்டு முறையும் மறுபடி சொன்னேன். லாரிக்கு முன்னால் தலையாட்டியவர் இவர்தான், அதனால் அந்த விதி அவருக்குச் சட்டென்று விளங்கியது.

என் பழைய இடம் கிடைக்கவில்லை. அந்த லாரி நாளுக்குப் பிறகு அதற்குப் புது ஆளை எடுத்துவிட்டார். எனக்கு மூன்று மாணவர்கள், காலை நேரம் மட்டும், இரண்டு மாதத்துக்கு. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

நேற்று முதல் மாணவி. வங்கியில் வேலை செய்கிறவர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நாற்பது நிமிடத்தில் ஒன்பது முறை ஓரமாக நிறுத்தினார். ஒன்பது முறையும், "எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" என்று கேட்டார், நான் சொன்னேன், சரியாகத் திருப்பினார். ஆறாவது தடவை எனக்கே பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை. இறங்கும்போது, "முன்னாடி ஒருத்தர்கிட்ட கத்துக்கப் போனேன். ஒரு தடவை சொல்வாரு, புரியலன்னா கத்துவாரு. பயத்துல புரிஞ்ச மாதிரியே ஓட்டி ஒரு கேட்டை இடிச்சேன்" என்றார். பத்தொன்பது வருஷமாக ஒரு தடவை சொல்லிவிட்டுக் கத்தியவள் நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். எடுப்பேன். சொல்ல நிறைய இருக்கிறது, நேரமாகும், வேறு வேலை வைத்துக்கொள்ளாதே. புரியவில்லை என்றால் நீயாகத் திருப்பாதே. நிறுத்து. கேள். நான் மறுபடியும் சொல்கிறேன்.

அக்கா